பட்டியலில் முதலாவது பெயர்

விசில் ஊதுவதற்குச் சற்று முன்னர் அந்தக் களஞ்சியசாலைக்குள் எல்லாச் சத்தமும் அடங்கிவிடும். தகரக் கூரையில் புறாக்கள் நடப்பது மட்டும் கேட்கும். நான் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் நின்றேன். வலது கையில் காற்றழுத்தக் கைத்துப்பாக்கி. இடுப்பில் கட்டியிருந்த சின்னத் துணிப்பையில் ஈயச் சன்னங்கள். காலில் தம்பியின் நீளக் காற்சட்டை. கீழே இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தேன். நேரம் குறிப்பதற்காக எனக்குப் பின்னால் நின்ற மச்சான், மற்றவர்களுக்குக் கேளாமல், "அவசரப்படாதையும். கடைசிக் கதவடியிலைதான் எல்லாரும் பிழைவிடுறவை" என்றார். போட்டியாளருக்கு அப்படிச் சொல்லிக்கொடுப்பது விதிக்கு மாறானது. அன்றைக்கு என்னோடு முதலாமிடத்துக்குப் போட்டியிட்டவரும் அவர்தான். அப்படியிருந்தும் சொன்னார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபின் இதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையானவளாக இருக்கமாட்டேன்.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம். எனக்கு வயது இருபத்து மூன்று. காங்கேசன்துறையில் ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன். வீடு தொண்டைமானாற்றில். கடலோடியாக இருந்த அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துபோனார். அம்மா, நான், என்னைவிட நான்கு வயது இளைய தம்பி, இவ்வளவுதான் வீடு. அம்மாவின் ஒரே தமையனின் வீடு அடுத்த ஒழுங்கையில். அவருடைய மகனைத்தான் நான் மச்சான் என்கிறேன். காங்கேசன்துறையிலேயே ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். அவர் முன்னுக்கு நிற்பார், நான் பின்னுக்கு இருப்பேன். எங்கள் இருவரையும் பற்றி இரண்டு வீட்டிலும் ஒரு பேச்சு இருந்தது. யாரும் நாள் பார்க்கவில்லை, வாய்விட்டு முடிவுசெய்யவுமில்லை. ஆனால் எனக்கு வந்த வேறு இரண்டு சம்பந்தங்களை அம்மா விசாரிக்காமலே திருப்பி அனுப்பியபோது எனக்கு விஷயம் விளங்கியது. மறுத்துச் சொல்ல எனக்கும் மனமிருக்கவில்லை. வெள்ளைச் சட்டையும், அச்சடித்ததுபோன்ற கையெழுத்தும், யாரிடமும் குரலை உயர்த்தாத சுபாவமும் உள்ள ஒருவரை எந்தப் பெண் வேண்டாமென்பாள்?

மச்சான் ஒரு பொழுதுபோக்குக் கழகத்தின் செயலாளர். துறைமுகத்துக்குக் கிட்டச் சும்மா கிடந்த பழைய களஞ்சியசாலை ஒன்றைக் கழகத்துக்கு விட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் பட்மின்ரன் விளையாடுவார்கள். மறுபக்கத்தில் கைத்துப்பாக்கி சுடுவார்கள். அதைத் தொடக்கிவைத்தவர் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மனிதர். நின்ற இடத்தில் நின்று வட்டத்தைச் சுடுவது அவருக்குச் சரிவராது. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் தான் பார்த்த முறையை இங்கே கொண்டுவந்தார். மரப்பெட்டிகளையும் சாக்கு மூட்டைகளையும் அடுக்கி, நான்கு அறைகள் போல மறைப்பு உண்டாக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஆளுயர அட்டைகளை நிறுத்தினார். விசில் ஊதியதும் சுடுபவர் நடந்துகொண்டே போகவேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் குழாயை முறித்து, ஒரு சன்னத்தை வைத்து, மூடிச் சுடவேண்டும். மண்ணிற அட்டைகளைச் சுடலாம். வெள்ளை அட்டைகள் வழிப்போக்கர்கள். அவற்றில் பட்டால் புள்ளி குறையும். எடுத்த புள்ளியை எடுத்த வினாடிகளால் பிரித்து வருவதே முடிவு. நடக்கும்போது விரல் விசையில் இருந்தாலோ குழாய் ஆட்கள் நிற்கும் பக்கம் திரும்பினாலோ, எவராயிருந்தாலும் அந்த இடத்திலேயே வெளியே அனுப்பிவிடுவார்.

மாலை பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருந்ததால் நான் அங்கே போய் ஒரு பெட்டியில் இருந்து பார்ப்பேன். ஒருநாள் இன்ஜினியர் பகிடியாகத் துவக்கை நீட்டி, குழாயை முறிக்க முடிகிறதா பார் என்றார். வில் இறுக்கமானது, பல ஆண்களே முழங்காலில் வைத்துத்தான் அமத்தவேண்டும். பாரமான பழைய தட்டெழுத்துப் பொறியில் நாள் முழுக்க அடித்த விரல்களும், பத்து வயதிலிருந்து கிணற்றில் தண்ணீர் அள்ளிய கைகளும் எனக்கு இருந்தன. முறித்தேன். சுட்டேன். முதல் வெடி சுவரில் பட்டது. ஒரு மாதத்துக்குள் அட்டையின் நெஞ்சில் மூன்று துளைகளை ஒரு தேநீர்க் கோப்பையால் மூடக்கூடிய அளவுக்குக் கிட்டக் கிட்டப் போடப் பழகிவிட்டேன். சுடும்போது வேறு எதுவும் நினைவில் வராது. அந்த விடுதலைக்காகவே நான் போனேன்.

பங்குனிக்கு முன்னர் நகரத்துக் கழகம் ஒன்றோடு போட்டி என்று முடிவானபோதுதான் சிக்கல் வந்தது. எங்கள் கழகத்தின் விதிப்படி பெண்கள் உறுப்பினராக முடியாது. மச்சான் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். என் பெயர் யோகராணி. தம்பி யோகராசா. மச்சான் முதலெழுத்தைப் போட்டு, ஆங்கிலத்தில் "என். யோகா" என்று மட்டும் எழுதினார். "இதிலை பொம்பிளையெண்டும் இல்லை, ஆம்பிளையெண்டும் இல்லை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்காக அவர் செய்த முதலாவது களவு அது என்று மனத்துக்குள் பெருமையாகவும் இருந்தது.

போட்டியன்று வந்திருந்தவர்கள் துவக்கைவிட என் காற்சட்டையைத்தான் அதிகம் பார்த்தார்கள். காற்சட்டைக்குச் சொந்தக்காரனான தம்பி, அம்மாவுக்குச் சொல்லாமல் சைக்கிளில் வந்து, பின்சுவரோடு நின்றான். முதல் மூன்று அறைகளும் எப்படிப் போயின என்று எனக்கு நினைவில்லை. குழாயை முறிக்கும் சத்தமும் என் மூச்சும் மட்டும்தான் நினைவிருக்கின்றன. நான்காவதில் ஒரு பாதிக் கதவு. அதைக் காலால் தள்ளினால் உள்ளே இரண்டு மண்ணிற அட்டைகள். அவற்றுக்கு முன்னால், பாதியை மறைத்தபடி ஒரு வெள்ளை அட்டை. எனக்கு முன்னர் போன ஆறு பேரில் நான்கு பேர் அந்த வெள்ளையைத் துளைத்திருந்தார்கள். நான் மச்சான் சொன்னதை நினைத்தேன். கதவடியில் முழங்காலில் இருந்தேன். கீழிருந்து பார்க்கும்போது வெள்ளையின் இடுப்புக்கும் கதவு நிலைக்கும் இடையில் ஒரு கையகல இடைவெளி தெரிந்தது. அதற்குள்ளால் இரண்டு வெடி. முடிந்தது.

மச்சான் எனக்குப் பிறகு சுட்டார். அவருடைய கை என்னுடையதிலும் வேகமானது. ஆனால் கடைசியில் அவருடைய சன்னம் வெள்ளை அட்டையின் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. அறிவிக்கும் பொறுப்பு செயலாளரான அவருடையது. முதலாவது என். யோகா, இரண்டாவது தான் என்று அவரே வாசித்தார். வாசிக்கும்போது குரல் சற்று இறங்கியதாக எனக்குப் பட்டது. அது பின்னால் வந்தவற்றால் நான் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். மறுநாள் முடிவுப் பட்டியலை என் அலுவலகப் பொறியில் நானே மூன்று பிரதியாக அடித்துக் கொடுத்தேன். ஒன்று எங்களுக்கு, ஒன்று நகரத்துக் கழகத்துக்கு, ஒன்று போட்டிக்கு அனுமதி தந்த அரசாங்க அதிகாரிகளுக்கு. முதலாவது பெயரை அடித்துவிட்டு நிறுத்தி ஒருமுறை வாசித்துப் பார்த்தது நினைவிருக்கிறது. பரீட்சைப் பெறுபேறு தவிர வேறு எதிலும் என் பெயர் முதலாவதாக வந்ததில்லை.

அந்த ஆண்டு ஆடிக் கலவரத்தில் நடந்தவற்றை நான் இங்கே எழுதவேண்டியதில்லை. களஞ்சியசாலை பூட்டப்பட்டது. துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். மச்சான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு வந்தார். இன்ஜினியர் மகளிடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். துவக்கு என்ற சொல்லை வீட்டுக்குள் சொல்லவே பயப்படும் காலம் வந்தது. நான் சுட்டதை நானே மறந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு கார்த்திகையில், விடிந்து கொஞ்ச நேரத்தில், ஒழுங்கையில் இராணுவ ஜீப் வந்து நின்றது. தம்பி கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். "யோகராசா ஆர்?" என்று தமிழ் தெரிந்த ஒருவன் கேட்டான். தம்பி தலையைத் துவட்டியபடி வந்து, "நான்தான்" என்றான். அதிகாரியின் கையில் ஒரு தாள் இருந்தது. நான் குசினி வாசலில் நின்றேன். தாளை அவர் திருப்பியபோது எழுத்துகள் தெரிந்தன. என் பொறியில் ஓர் எழுத்து எப்போதும் வரிக்கு மேலே ஏறி விழும். அந்தத் தாளிலும் ஏறி விழுந்திருந்தது. அது நான் அடித்த பட்டியல். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பியை ஈரத் தலையோடு ஏற்றினார்கள். அம்மா அழுதுகொண்டு பின்னால் ஓடினார். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு எத்தனையோ தடவை அந்த நேரத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருக்கக்கூடிய நேரம் இருந்தது.

மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனேன். மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றபின் உள்ளே விட்டார்கள். அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் இருந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: பட்டியலில் இருப்பது என் பெயர், சுட்டது நான், தம்பி ஒருநாளும் துவக்கைத் தொட்டதில்லை, அது காற்றழுத்தத் துவக்கு, வெறும் விளையாட்டு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கழகத்தின் செயலாளரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. மச்சான் வந்தால் எல்லாம் சரிவரும். அம்மாவின் கையைப் பிடித்து அப்படித்தான் சொன்னேன்.

மச்சான் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் கழகப் பதிவேடு. வாசலில் நின்றவன் எங்களிடம் கேட்டதுபோல அவரிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. அவரும் எந்தக் கதிரையில் இருப்பது என்று பார்க்காமலே போய் இருந்தார். அப்போதே எனக்குள் ஏதோ தட்டுப்பட்டது. அதிகாரி பதிவேட்டைத் திறந்து மேசையில் வைத்தார். எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. தட்டெழுத்துக்காரிக்குத் தலைகீழாக வாசிப்பது ஒரு பெரிய காரியமில்லை. என். யோகா என்பது பழைய கறுத்த மை. அதோடு ஒட்டினாற்போல, அதே அழகான கையெழுத்தில், புது நீல மையால் "ராசா" என்று எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் எங்கள் வீட்டு விலாசம்.

இந்தப் பெண்தான் இந்தப் பெயருக்கு உரியவரா என்று அதிகாரி கேட்டார். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் கழகத்தில் பெண்கள் உறுப்பினர்களாக இருந்ததே இல்லை, விதிப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றார். இவர் எப்போதாவது அங்கே சுட்டிருக்கிறாரா என்று மறுபடி கேட்டார் அதிகாரி. மச்சான் வழக்கமான அமைதியான குரலில், இல்லை, இவர் என் மாமியின் மகள், தம்பிக்காக இப்படிச் சொல்கிறார், பாவம் என்றார். அந்தப் "பாவம்" என்ற சொல்லை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அதிகாரி என்னிடம், எந்தச் சகோதரியும் இதைத்தான் செய்வாள், தான் பிழையாக எடுக்கவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார்.

முகாமுக்கு வெளியே, பஸ் நிற்குமிடத்தில், மச்சான் எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். அம்மா சற்றுத் தள்ளிப் போய்க் குந்தியிருந்தார்.

"உம்மை உள்ளுக்கை விட்டிட்டு நான் எப்பிடி வெளியாலை வாறது?" என்றார். "நான் அப்பிடிச் சொன்னபடியாத்தான் நீர் இப்ப வீட்டை போறீர்."

"ராசா எண்டு எப்ப எழுதினனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் பதிவேட்டை ஒரு கக்கத்திலிருந்து மற்றதுக்கு மாற்றினார். பஸ் வருகிறதா என்று பார்த்தார். பிறகு, "அவங்கள் மூண்டு தரம் வந்தவங்கள், மச்சாள். பேர் மட்டும் காணாது, ஆள் வேணும் எண்டவங்கள். பதிவைப் பொய்யா எழுதினதெண்டு தெரிஞ்சால் என்னைத்தான் கொண்டுபோயிருப்பாங்கள்" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று பின்னர் ஊரில் யாராவது சொல்லியிருந்தால் நான் பாதியை ஒத்துக்கொண்டிருப்பேன். பெண்ணொருத்தி அந்த முகாமுக்குள் அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் அந்த மேசையில் திடீரென்று தடுமாறிச் சொன்ன பொய் அல்ல அது. வீட்டில் உட்கார்ந்து, பேனையில் மை நிரப்பி, வரி கோணாமல் எழுதிய பொய். தன் பெயர், என் பெயர், தம்பியின் பெயர் என்று மூன்றையும் வைத்துப் பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்திருக்கிறார். எனக்கு நடந்தவற்றுள் என்னை உள்ளே உடைத்தது அந்த நீல மைதான்.

பஸ்ஸில் அம்மாவுக்குச் சொன்னேன். ஆங்கிலத்தில் நடந்த பேச்சு அவருக்கு விளங்கியிருக்கவில்லை. இறங்கும் இடம் வந்தபோது, "அண்ணைக்கு இருக்கிறது உந்த ஒரு பிள்ளை. தம்பி வெளியிலை வந்து இதை அறிஞ்சால் சும்மா இருப்பானோ? இரண்டு வீடும் அழிஞ்சுபோம். நீ வாயைத் திறவாதை, பிள்ளை" என்றார். நான் ஓம் என்றேன்.

போட்டியைப் பார்த்த மற்றவர்களையும் சாட்சிக்குத் தேடிப் போனேன். பாதிப்பேர் ஊரில் இல்லை. நகரத்துக் கழகத்தில் ஒருவர் மட்டும் படலைவரை வந்தார். என்னை நன்றாக நினைவிருந்தது அவருக்கு, காற்சட்டையைக்கூடச் சொன்னார். "எனக்கும் இரண்டு பெடியங்கள் இருக்கிறாங்கள், தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தினார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் எனக்கு யாரோ.

தம்பியைத் தெற்கே கொண்டுபோனார்கள். பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தில் மச்சான் ஓடித் திரிந்தார் என்பதும் உண்மை. மனு எழுதினார், சட்டத்தரணிகளைப் பார்த்தார், தம்பிக்கு உடுப்புக் கொண்டுபோய்க் கொடுக்கக் கொழும்புக்கும் அப்பாலும் போனார். ஒவ்வொரு முறையும் போவதற்கு முன்னர் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார். நான் உள்ளே இருப்பேன். தம்பி விடுதலையாகி வந்தபோது பஸ்ஸிலிருந்து அவனைக் கையைப் பிடித்து இறக்கியவரும் அவர்தான். தம்பிக்கு இடது காது கேட்கவில்லை. மெலிந்து, என் தோளளவுக்குக் குனிந்திருந்தான். சுட்டது யார் என்று அவனிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நான்தான் சுட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். பின்சுவரோடு நின்று பார்த்தவன். ஒருநாளும் என் பெயரைச் சொல்லவில்லை. இதை அவன் எனக்குச் சொல்லவுமில்லை. அவனோடு உள்ளே இருந்த வேறொருவர் பின்னர் வந்து சொல்லித்தான் அறிந்தேன்.

அதன்பிறகு வீட்டில் மச்சானைப் பற்றிய புகழ் தொடங்கியது. மச்சான் ஓடித் திரியாவிட்டால் தான் அங்கேயே செத்திருப்பேன் என்று தம்பி வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னான். மச்சான் அவனுக்கு ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை எடுத்துக்கொடுத்தார். அவர் வீட்டில் வேலி அடைப்பதென்றால் தம்பி முதல் ஆளாகப் போய் நிற்பான். நான் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா என்னை ஒருமுறை பார்ப்பார். நான் கறியை ஊற்றுவேன்.

பழைய பேச்சு மறுபடி எழுந்தது. மாமாவே வந்து கேட்டார். எனக்கு இஷ்டமில்லை என்றேன். காரணம் கேட்டபோது காரணம் ஒன்றுமில்லை என்றேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு போனார். அன்றைக்குத் தம்பி என்னோடு போட்ட சண்டை வாழ்க்கையிலேயே பெரியது. "மச்சானிலை உனக்கு என்ன குறை? எனக்கு அவர் செய்ததுக்கு நீ செய்யிற கைமாறு இதோ?" என்றான். இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. மச்சான் வேறு ஊரில் கல்யாணம் முடித்தார். தம்பி மாப்பிள்ளைத் தோழனாக நின்றான். நான் தலையிடி என்று வீட்டில் படுத்திருந்தேன். அவருக்கு எதிராக நான் கையில் வைத்திருந்த ஒரே சொல்லை, அவருக்காகவே பொத்தி வைத்திருந்தேன். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

தொண்ணூறில் கரையோரத்தை விட்டு எல்லோரும் எழும்பவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். நான் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பிள்ளைகளுக்குத் தட்டெழுத்துப் படிப்பித்தேன். மச்சான் குடும்பமும் இரண்டு தெரு தள்ளி வந்து இருந்தது. பிறகு தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில், எல்லோரும் போகவேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னதும், மழைக்குள் நாங்களும் வீதியில் இறங்கினோம். அம்மாவைத் தம்பி சைக்கிளில் வைத்து உருட்டினான். மச்சான் தன் தகப்பனை வைத்து உருட்டினார். அவருடைய மனைவி பிள்ளைகளோடு பின்னால். நான் பெட்டியோடு. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க ஒரு நிமிடம் எடுத்தது. ஒரு நாளுக்கு மேல் நடந்து, சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கினோம். மறுநாள் காலையில் மாமா வாங்கில் படுத்தபடியே இறந்து கிடந்தார்.

தெரியாத ஊர். எல்லா வீட்டிலும் சனம். மச்சான் செய்வதறியாமல் தகப்பனின் காலடியில் குந்திவிட்டார். தம்பிதான் எழும்பினான். பாடை கட்டத் தடி வெட்டினான். வீடு வீடாகப் போய்க் காய்ந்த பனைமட்டையும் சிரட்டையும் கேட்டு வாங்கினான். ஈர விறகு பற்றாமல் புகைந்தபோது இரண்டு மணித்தியாலம் குனிந்து நின்று ஊதி ஊதிப் பற்றவைத்தான். பின்னேரம் திரும்பி வந்தபோது அவன் முகமும் கைகளும் கரியாக இருந்தன. மச்சானைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய், தானே தண்ணீர் அள்ளி அவர் தலையில் ஊற்றினான். நான் துவாயோடு பக்கத்தில் நின்றேன்.

இரண்டாவது வாளியின்போது மச்சான் அவனுடைய கையைப் பிடித்தார்.

"யோகன், நீ எனக்கு இவ்வளவு செய்யாதை. எல்லாம் தெரிஞ்சுகொண்டும் நீ செய்யிறாய். எனக்குத் தாங்கேல்லை."

"என்ன தெரியும்?" என்றான் தம்பி.

மச்சான் என்னைப் பார்த்தார். முகாமில் பார்க்காத கண்களால் அன்றைக்குத்தான் பார்த்தார். "அக்கா சொல்லியிருப்பா தானே" என்றார். நான் பேசாமல் நின்றதிலிருந்து அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். ஆனால் தொடங்கிய சொல்லை விழுங்க அவருக்கு அன்று வலு இருக்கவில்லை. "உன்ரை பேரை நான்தான் எழுதிக் குடுத்தனான். காம்பிலை உன்ரை அக்கா வந்து, தான்தான் சுட்டதெண்டு சொன்னவ. என்னைக் கூப்பிட்டுக் கேட்டவங்கள். நான் இல்லையெண்டு சொன்னனான்."

தம்பி கேட்கும் காதை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தான். வாளி அவன் கையில் இருந்தது. அவன் அதை அவருடைய தலையில் அடிப்பான் என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் வாளியைக் கிணற்றில் விட்டான். நிரம்பியதும் இழுத்தான். மச்சானின் தலையில் ஊற்றினான். "எழும்புங்கோ மச்சான். குளிருது" என்றான். என் கையிலிருந்த துவாயை வாங்கி அவரிடம் கொடுத்தான்.

என்னோடு அவன் கதைத்தது மறுநாள் மத்தியானம். கொடிகாமத்துப் பக்கம் ஒரு வீட்டில் இடமிருக்கிறதென்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். கயிற்றின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவன் கையில்.

"அவர் பயத்திலை செய்தார். பயமெண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்" என்றான். கயிற்றை இறுக்கினான். "பத்து வருசம் அந்தாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன், அக்கா. நீ பாத்துக்கொண்டு இருந்தனீ."

அம்மா சொல்லவேண்டாமென்றார் என்றேன். அது உண்மை. அம்மாவும் பக்கத்தில்தான், குடையைப் பிடித்தபடி இருந்தார். ஆனால் அதைச் சொல்லும்போதே அது போதாதென்று எனக்குத் தெரிந்தது. மச்சானை நினைத்து நான் பத்து வருடமாக வெந்துகொண்டிருந்தேன். அந்தப் பத்து வருடமும், என் பெயரைச் சொல்லாமல் அடிவாங்கியவனின் முன்னால், அவனை ஏமாற்றியவரின் புகழைச் சோற்றோடு பரிமாறிக்கொண்டிருந்தவள் நான். எனக்குச் செய்யப்பட்டது துரோகம் என்றால் நான் செய்ததற்கு வேறு பெயர் என்ன வைப்பது?

தம்பி இப்போது கனடாவில் இருக்கிறான். மச்சானை அவன் மன்னித்துவிட்டான். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு வந்து முன்னுக்கு நின்று எல்லாம் செய்துவிட்டுப் போனான். அம்மா இறந்தபோதும் வந்தான். எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசி எடுப்பான். பக்கத்து வீட்டு ஆசிரியை சிலநேரம் என்னோடு இருந்து கேட்பார். வெளிநாட்டுக்குப் போயும் தமக்கையோடு இவ்வளவு மரியாதையாகக் கதைக்கிற தம்பியைத் தான் கண்டதில்லை என்பார்.

பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவன் என்னை நீ என்றுதான் கூப்பிட்டான். சண்டையிலும் நீ, காய்ச்சலிலும் நீ, முகாமிலிருந்து வந்து இறங்கிய அன்றும் "நீ ஏன் அழுகிறாய்" என்றுதான் கேட்டான். அந்தக் கயிற்றைக் கட்டி முடித்துச் சைக்கிளை எடுத்தபோது, "அக்கா, நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ" என்றான். அன்றிலிருந்து நீங்கள்தான்.